மாருதி 800 காரில் ஆயில் சீல் பார்ப்பதும் மாற்றுவதும்: முழுமையான வழிகாட்டி

இங்கே சொல்லப்போவது கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 பற்றி. 796 சிசி, மூன்று சிலிண்டர், டைமிங் பெல்ட் எஞ்சின். சுற்றும் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல். ஷாஃப்டில் உரசும் அதன் உள் விளிம்பு 'உதடு'. இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய வண்டியில் ஏதாவது ஒரு ஆயில் சீல் வியர்த்துக்கொண்டுதான் இருக்கும்.

சீலின் விலை பெரிதில்லை. அதன் இடத்துக்குப் போய்ச் சேரக் கழற்ற வேண்டியதுதான் பெரிய வேலை. தப்பான சீலை மாற்றினாலும் சரி, சரியான சீலைக் கோணலாக அடித்தாலும் சரி, மறுபடி முதலிலிருந்து கழற்ற வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கண்டுபிடிப்பது, சுத்தம் செய்வது, பார்ப்பது பற்றித்தான். சீலை அடிப்பது பத்து நிமிட வேலை.

## 1. கசிவது எது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

புதிதாக வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். எண்ணெய் சொட்டும் இடத்தை வைத்து சீலை முடிவு செய்கிறார்கள். எண்ணெய் மேலிருந்து கீழே வழியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். சொட்டும் இடத்துக்கும் கசியும் இடத்துக்கும் ஒரு அடி தூரம் இருக்கலாம்.

என் வண்டியில் கிராங்க் புல்லிக்குக் (எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் இருக்கும் சக்கரம்) கீழே சொட்டியது. கிராங்க் சீல்தான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றினேன். இரண்டே வாரத்தில் அதே இடத்தில் அதே சொட்டு. உண்மையில் கசிந்தது டாப் கவர் பேக்கிங், அதாவது எஞ்சினின் மேல் மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்பு. மேலே கசிந்து, டைமிங் கவரின் பின்பக்கமாக வழிந்து, புல்லியருகே சொட்டியிருக்கிறது.

அதனால் முதல் வேலை கழுவுவது. ஆல்டர்னேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, டீசலில் நனைத்த பிரஷ்ஷால் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் தேய்த்துத் துடையுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும். டீசல் டைமிங் பெல்ட்டில் படக்கூடாது, பெல்ட் ரப்பரைக் கெடுக்கும்.

நன்றாகக் காய்ந்ததும், சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் எங்கே முதலில் நனைத்திருக்கிறதோ, அதாவது ஈரத்தின் மேல் நுனி எதுவோ, அதுதான் கசியும் இடம்.

சொட்டும் எண்ணெயையும் விரலில் எடுத்துப் பாருங்கள். எஞ்சின் ஆயில் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக வாடை மூக்கில் ஏறும். ஒருமுறை முகர்ந்துவிட்டால் மறக்காது.

சீல் என்று தவறாக நினைக்கப்படும் நான்கு இடங்களை முதலில் விலக்குங்கள்:

- டாப் கவர் பேக்கிங். இதன் கசிவு கேம் சீல் கசிவு போலவே தெரியும்.
- டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ ரிங். இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் கியர் பாக்ஸ் பக்க முனையில் இருக்கிறது. அங்கே கசிந்தால் நேராக பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) மேல் விழுந்து, பிளைவீல் (கிளட்ச் உட்காரும் கனமான சக்கரம்) பக்க சீல் போய்விட்டது போலத் தோற்றம் தரும். சில ரூபாய் ஓ ரிங்குக்காக கியர் பாக்ஸையே இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.
- ஆயில் பிரஷர் சுவிட்ச். நடுவிலிருக்கும் பிளாஸ்டிக் வழியாகவே கசியும்.
- ஆயில் ஃபில்டர். போன முறை மாற்றியபோது பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புது ஃபில்டர் ஏறியிருக்கலாம்.

## 2. பிரீதரைப் பார்க்காமல் சீலைத் தொடாதீர்கள்

பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் எஞ்சினின் அடிவயிற்றுக்குள் இறங்கும். அது டாப் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் ரப்பர் குழாய் வழியாக வெளியேற வேண்டும். இந்தக் குழாய்தான் பிரீதர். அந்தக் குழாயில் பிசின் மாதிரி அழுக்கு அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடும். எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளும். அந்த வழி பெரும்பாலும் சீலின் உதடுதான்.

குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். தடையில்லாமல் காற்று போக வேண்டும். அடைத்திருந்தால் சுத்தம் செய்து, கசிவு நிற்கிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். சில நேரம் இதோடு வேலை முடிந்துவிடும்.

அப்புறம், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகப் புகை ஆடுவது பரவாயில்லை. கையை வைத்தால் தள்ளுகிற அளவுக்கு விட்டுவிட்டுப் புகை அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். அந்த நிலையில் புது சீலும் அதிக நாள் தாங்காது.

## 3. எந்த சீலை எந்த வேலையோடு சேர்த்து மாற்றுவது

டைமிங் பெல்ட் பக்கத்தில் இரண்டு சீல்: மேலே கேம் ஷாஃப்டுக்கு ஒன்று, கீழே கிராங்க் ஷாஃப்டுக்கு ஒன்று. கீழே உள்ளது ஆயில் பம்ப் உடலில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் பெல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், பெல்ட்டும் புதிது போடுங்கள். எண்ணெய் ஊறிய பெல்ட்டைத் துடைத்து மறுபடி போடுவது மட்டும் கூடவே கூடாது. டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) பேரிங்கைக் கையால் சுற்றுங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

கியர் பாக்ஸிலிருந்து வீலுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டுகளுக்கு இடம் வலம் ஒவ்வொரு சீல். இது தனி வேலை, கியர் ஆயில் மாற்றும்போது செய்யலாம்.

பிளைவீல் பக்க கிராங்க் சீலுக்கு கியர் பாக்ஸ் இறங்க வேண்டும். லேசான வியர்வை மட்டும்தான் என்றால் கிளட்ச் மாற்றும் நாள் வரை பொறுத்திருங்கள், ஆயில் அளவை மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள். கிளட்ச் வழுக்க ஆரம்பித்தால் தள்ளிப்போட வேண்டாம்.

## 4. சீல் வாங்கும்போது

சீலின் முகத்தில் மூன்று எண்கள் இருக்கும்: உள் விட்டம், வெளி விட்டம், தடிமன், மூன்றும் மில்லிமீட்டரில். உதாரணத்துக்கு 28 40 8 என்றிருந்தால் 28 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு, 40 மில்லிமீட்டர் குழிக்கு, 8 மில்லிமீட்டர் தடிமன். ஆனால் அளவு ஒத்தால் மட்டும் போதாது. அம்புக்குறி போட்ட சீல்களில் ஷாஃப்ட் சுற்றும் திசையும் ஒத்திருக்க வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் சீல்களை இடமும் வலமும் ஒன்றுதான் என்று எண்ணி வாங்காதீர்கள், பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள்.

ரப்பரின் வகையும் முக்கியம். சாதாரண நைட்ரைல் ரப்பர் சுமார் 100 டிகிரி வரை நன்றாக உழைக்கும். எஞ்சின் சூட்டில் வருடக்கணக்கில் கிடந்தால் இறுகிவிடும். வைட்டான் ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும், விலை கூடுதல். கிராங்க், கேம் சீல்களுக்கு வைட்டான் கிடைத்தால் அதையே எடுங்கள். கியர் பாக்ஸுக்கு நைட்ரைல் போதும்.

சென்னையில் ஜி.பி. ரோடு பக்கம் போனால் 800-க்கு இன்றும் எல்லா சீலும் கிடைக்கும். கிடைப்பதில் சில, கடை அலமாரியிலேயே வயதானவை. வாங்கும்முன் சீலின் உதட்டை நகத்தால் லேசாக மடக்கிப் பாருங்கள். உடனே நிமிர வேண்டும். மெதுவாகத் திரும்பினாலோ, மடக்கிய இடத்தில் மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ வேறு கேளுங்கள். சீலுக்குள் இருக்கும் சின்ன வளையச் ஸ்பிரிங் சுற்றிலும் தன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

## 5. வேலை தொடங்கும்முன் கையில் இருக்க வேண்டியவை

ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், ஜாக்கி, இரண்டு ஸ்டாண்ட், நுனியில் டேப் சுற்றிய சின்ன ஸ்க்ரூ டிரைவர், நுண்ணிய எமரி பேப்பர், கிரீஸ், நூல் உதிராத துணி. சீலை அடிக்க, அதன் வெளி விளிம்பின் அளவுக்கு ஒரு பிவிசி குழாய்த் துண்டு. அதன் முனையை மிகச் சமமாக அறுத்து, எமரியில் தேய்த்து வையுங்கள். முனை சாய்ந்திருந்தால் சீலும் சாய்ந்துதான் இறங்கும்.

போல்ட்களின் டார்க் அளவுகளை, அதாவது எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை, உங்கள் வருட மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதி பானட்டில் ஒட்டிவிடுங்கள். கையில் எண்ணெயோடு புத்தகம் புரட்ட முடியாது.

## 6. டைமிங் பக்கத்தைத் திறப்பது

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். டைமிங் பெல்ட் இருக்கும் பக்க முன் வீலைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் தலையை விடவே கூடாது.

கிராங்க் புல்லியின் நடு போல்ட் இறுக்கமாக இருக்கும். வண்டியை நான்காவது கியரில் போட்டு, ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னால் எஞ்சின் சுற்றாது, போல்ட் இளகும். ஸ்டார்ட்டரை அடித்து போல்ட்டை இளக்கும் வித்தை வேண்டாம், ஸ்பேனர் பறக்கும்.

டைமிங் கவரைக் கழற்றியதும், ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே ஸ்பேனரால் சுற்றுங்கள். கேம் புல்லியின் குறியும் கிராங்க் புல்லியின் குறியும் தங்கள் எதிர்க்குறிகளோடு நேராக நிற்கும்போது நிறுத்துங்கள். நேராக எதிரே நின்று போன் படம் எடுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் ஒரு பல் வித்தியாசம் தெரியாது. வெள்ளை பெயின்ட்டால் நீங்களும் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள்.

பெல்ட் கழன்ற பிறகு கேமையும் கிராங்கையும் சும்மாகூடத் திருப்ப வேண்டாம். கிராங்க் பல்சக்கரத்தோடு வரும் கைடு தகடு எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்பதையும் படம் எடுங்கள். அதைத் திருப்பிப் போட்டால் பெல்ட் ஓரம் தேயும். சாவிக் கட்டையை (பல்சக்கரம் ஷாஃப்டில் நழுவாமல் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு) தனி டப்பாவில் போடுங்கள், தரையில் விழுந்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

## 7. பழைய சீலை எடுப்பது

எடுக்கும்முன், அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். ஒரு தீக்குச்சியைச் சீல் முகத்தில் ஊன்றி, குழியின் விளிம்பு வரும் இடத்தில் நகத்தால் கீறினால் போதும். சீல் விளிம்போடு சமமாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சீலின் முகத்தில், ஷாஃப்டுக்கும் குழிச் சுவருக்கும் நடுவே, 2 மில்லிமீட்டர் டிரில்லால் ஒரு துளை. டிரில் பிட்டின் நுனியிலிருந்து 3 மில்லிமீட்டர் விட்டு டேப் சுற்றுங்கள், அதற்கு மேல் உள்ளே போகாது. பிட்டில் கிரீஸ் தடவினால் இரும்புத் துகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். துளையில் ஒரு தகடு ஸ்க்ரூவை ஏற்றி, கட்டிங் பிளேயரால் பிடித்து இழுங்கள். வரவில்லை என்றால் எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி இழுங்கள்.

ஸ்க்ரூ டிரைவரை ஷாஃப்டின் மேல் ஊன்றி நெம்புவதுதான் இந்த வேலையில் செய்யக்கூடிய மிகப் பெரிய தப்பு. ஷாஃப்டில் முடி அளவு கீறல் விழுந்தாலும் புது சீல் அந்த இடத்தில் கசியும். சீலை மாற்றலாம், கிராங்க் ஷாஃப்டை யார் மாற்றுவது?

எடுத்த பழைய சீலைத் தூக்கிப் போடாதீர்கள். உதடு இறுகிக் கண்ணாடி மாதிரி பளபளத்தால் சூடும் வயதும் காரணம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கோணலாக இருந்திருக்கிறது அல்லது ஷாஃப்ட் ஆடுகிறது. உதடு கிழிந்திருந்தால் மாட்டும்போதே கிழித்திருக்கிறார்கள்.

## 8. ஷாஃப்டை நகத்தால் பாருங்கள்

பலர் விட்டுவிடும் படி இது. சீல் உதடு உரசிய இடத்தில் ஷாஃப்டைச் சுற்றி ஒரு பளபளப்பான வளையம் தெரியும். விரல் நகத்தை ஷாஃப்டின் நீளவாக்கில் அதன் மேல் மெதுவாக இழுங்கள். நகம் வழுக்கிப் போனால் கவலையில்லை. நகம் தட்டி நின்றால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. புது சீலின் உதடு அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் சரியாகப் பிடிக்காது.

பள்ளம் லேசானது என்றால் புது சீலைப் பழைய ஆழத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே நிறுத்துங்கள். உதடு தேயாத இடத்தில் உரசும். முன்னால் வரும் பல்சக்கரமோ கைடு தகடோ சீலில் இடிக்காமல் இருக்கிறதா என்று வைத்துப் பாருங்கள். அதிகமாக உள்ளே தள்ளுவதை நான் விரும்புவதில்லை. உள்ளே எண்ணெய் திரும்பும் வழி மூடிப்போக வாய்ப்பு உண்டு. பள்ளம் ஆழமாக இருந்தால் ஷாஃப்டின் மேல் ஏற்றும் மெல்லிய இரும்பு ஸ்லீவ்தான் தீர்வு.

துரு, சின்னப் புள்ளிகள் இருந்தால் நுண்ணிய எமரியில் எண்ணெய் தொட்டு, ஷாஃப்டைச் சுற்றித் தேய்க்க வேண்டும், நீளவாக்கில் அல்ல. நீளக் கோடுகள் எண்ணெயை வெளியே கொண்டுவரும் வாய்க்காலாகிவிடும். முடிந்ததும் தூள் ஒரு துளிகூட உள்ளே போகாமல் துடைத்தெடுங்கள்.

## 9. புது சீலை இறக்குவது

ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்து, அதாவது எஞ்சினின் உட்பக்கம். எழுத்து தெரியும் மூடிய முகம் வெளிப்பக்கம்.

உதட்டில் எஞ்சின் ஆயிலைத் தடவுங்கள். காய்ந்த ரப்பர் ஷாஃப்டில் சுற்றினால் முதல் சில நொடிகளிலேயே கருகிவிடும். ஸ்பிரிங் பள்ளத்தில் கிரீஸை நிறைத்து வையுங்கள். தட்டும்போது ஸ்பிரிங் துள்ளி வெளியே வந்துவிடாமல் கிரீஸ் பிடித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் ஒரு பையன் முதல்முறையாக மாற்றியபோது இதைத்தான் விட்டான். பார்க்க சீல் அழகாக உட்கார்ந்திருந்தது, வண்டி எடுத்த அன்றே ஒழுகியது. கழற்றினால் ஸ்பிரிங் பாதி உள்ளே, பாதி வெளியே.

சீலின் வெளிச்சுற்று ரப்பராக இருந்தால் எந்தப் பசையும் வேண்டாம். வெறும் இரும்பாக இருந்தால் மட்டும் மெல்லிய படலமாக சீலன்ட் தடவலாம். அது உதட்டில் படக்கூடாது.

ஷாஃப்டின் முனையில் சாவிப் பள்ளத்தின் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். கெட்டியான பிளாஸ்டிக் தாளை, பழைய ஃபைல் அட்டை மாதிரி ஒன்றை, ஷாஃப்டைச் சுற்றிக் கூம்பாகச் சுருட்டி, எண்ணெய் தடவி, அதன் மேல் சீலை வழுக்கவிடுங்கள். உதடு தாண்டியதும் தாளை உருவிவிடலாம்.

இனி பிவிசி துண்டை வைத்து, சுத்தியலால் சின்னச் சின்னத் தட்டு. மேல், கீழ், இடம், வலம் என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். இரண்டு தட்டுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் முன்னால் போயிருந்தால் மறுபக்கத்தைத் தட்டி உடனே சமப்படுத்துங்கள். முழுக்க இறங்கிய பிறகு கோணலைச் சரிசெய்ய முடியாது, சீல் வளைந்துவிடும். தீக்குச்சியின் கீறலை வைத்து நான்கு இடத்தில் ஆழம் பாருங்கள்.

## 10. பெல்ட்டைப் போட்டு மூடுவது

குறிகளைச் சரிபார்த்துப் பெல்ட்டை மாட்டுங்கள். டென்ஷனரை அதன் ஸ்பிரிங் இழுக்கும்படி விட்டு, கையால் கிராங்கை எஞ்சின் ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பெல்ட்டின் தொய்வெல்லாம் டென்ஷனர் பக்கம் வந்து சேரும். பிறகு டென்ஷனர் போல்ட்டை இறுக்கி, இரண்டு குறிகளும் நேராக நிற்கின்றனவா என்று எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு பல் தள்ளியிருந்தாலும் கழற்றித் திரும்பப் போடுங்கள். சுற்றும்போது எங்காவது தட்டி நின்றால் பலம் கொடுக்காதீர்கள்.

## 11. டிரைவ் ஷாஃப்ட் சீல்

கியர் பாக்ஸின் ஊற்றும் பிளக்கை முதலில் திறங்கள், பிறகு வடிக்கும் பிளக். ஆயிலை வடித்த பிறகு ஊற்றும் பிளக் திறக்கவில்லை என்றால் வண்டியை அசைக்க முடியாது.

கீழ் ஆர்ம் பால் ஜாயின்ட்டைக் கழற்றி வீல் பக்கத்தை வெளியே சாய்த்தால் டிரைவ் ஷாஃப்ட் வர இடம் கிடைக்கும். உட்பக்க ஜாயின்ட்டை கியர் பாக்ஸிலிருந்து லீவரால் ஒரு சின்ன நெம்பு நெம்பினால் கிளிப் விட்டு வரும். ஷாஃப்டைப் பிடித்து இழுக்காதீர்கள், ஜாயின்ட் உள்ளே பிரிந்துவிடும்.

சீல் எடுப்பதும் போடுவதும் மேலே சொன்னபடியே. திரும்ப மாட்டும்போதுதான் கவனம் தேவை. ஷாஃப்டின் பற்கள் சீல் உதட்டில் உரசாமல், ஷாஃப்டை நடுவில் தாங்கிப் பிடித்து நேராக உள்ளே விட வேண்டும். ஒருவர் ஷாஃப்டைத் தாங்க, இன்னொருவர் வீல் பக்கம் தள்ளினால் சுலபம். டக் என்று கிளிப் விழும். விழுந்ததா என்று லேசாக வெளிப்பக்கம் அசைத்துப் பாருங்கள். கியர் ஆயிலை ஊற்றும் துளையின் விளிம்பு வரை நிரப்புங்கள், வண்டி சமதரையில் நிற்க வேண்டும்.

## 12. பிளைவீல் பக்க சீல்

கியர் பாக்ஸ் இறங்கியதும் பெல் ஹவுசிங்கை முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை இருந்தால் கசிந்தது கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல், எஞ்சினுடையது இல்லை. இவ்வளவு தூரம் வந்த பிறகு இரண்டையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பிளைவீலைக் கழற்றும்முன் கிராங்கோடு சேர்த்துக் குறி போடுங்கள். சீல் உட்கார்ந்திருக்கும் தகடு ஹவுசிங்கின் கீழ் விளிம்பு ஆயில் சம்ப்போடு (எஞ்சின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி) சேர்கிறது. அதைக் கழற்றினால் சம்ப் பேக்கிங்கும் கெடும். அதனால் ஹவுசிங்கை அப்படியே விட்டு, சீலை மட்டும் ஸ்க்ரூ முறையில் இழுத்தெடுங்கள். ஹவுசிங்கின் பேக்கிங்கே கசிந்தால்தான் அதைக் கழற்ற வேண்டும்.

எண்ணெய் ஊறிய கிளட்ச் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிப் போடாதீர்கள். உள்ளே ஊறியது சூட்டில் மறுபடி வெளியே வரும். பிளேட்டும் ரிலீஸ் பேரிங்கும் புதிதாகவே போடுங்கள். பிளைவீல் போல்ட்களைக் குறுக்கு வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

## 13. வேலை முடிந்ததும்

எஞ்சினை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். உதட்டில் தடவிய எண்ணெயும் கிரீஸும் முதலில் கொஞ்சம் ஈரமாக வெளியே தெரியும், அதைக் கசிவு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். துடைத்துவிட்டு மறுபடி பவுடர் தூவுங்கள். 50 கிலோமீட்டரில் ஒருமுறை, 500 கிலோமீட்டரில் ஒருமுறை பாருங்கள். துடைத்த பிறகும் 500-இல் பவுடர் ஈரமாகிறது என்றால் ஈரத்தின் மேல் நுனியைத் தேடி மறுபடி படி 1-க்குப் போங்கள். நீங்கள் மாற்றிய சீலுக்கு மேலே வேறொன்று கசிந்துகொண்டிருக்கலாம்.